கில்பர்ட் வைட்டின் ஏடு: எப்படிப் பதிந்தார், எங்கே சறுக்கினார்?

ஏரிக்கரை:
இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் வைட் (1720–1793) பறவை, செடி, வானிலை மூன்றையும் ஒரே ஏட்டில் எழுதிவந்தார் என்று படித்தேன். அதில் என்னென்ன கட்டங்கள் இருந்தன? பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் மூன்று கதிர்க்குருவிகளை எப்படிப் பிரித்தார்? எங்கள் ஊர் ஏரிக்கு அதே முறையில் ஓர் ஏடு தொடங்கப் போகிறேன். அவர் சறுக்கிய இடங்களையும் சொல்லுங்கள்.

வேப்பங்காடு:
கட்டங்களை அமைத்தவர் அவரல்ல, அவருடைய நண்பர் டெய்ன்ஸ் பேரிங்டன். அச்சிட்ட படிவம், வாரத்துக்கு ஒரு பக்கம். வெப்பமானி, காற்றழுத்தமானி, காற்றுத் திசை, மழையளவு, வானிலை என்று தொடங்கி, முதலில் துளிர்த்த மரம், முதலில் பூத்த செடி, புதிதாக வந்த அல்லது காணாமல் போன பறவையும் பூச்சியும் என்று போகும். கடைசிக் கட்டம் பிற குறிப்புகளுக்கு. 1768 முதல் 1793இல் இறக்கும்வரை இதை எழுதினார்.

அதற்கு முன்பே பழக்கம் வந்துவிட்டது. 1751 முதல் தோட்டக் கணக்கு எழுதினார்: விதைத்த நாள், வெள்ளரிப் பாத்திக்கு எத்தனை வண்டி எரு என்பது வரை. 1766இல் ஓராண்டு முழுக்கச் சுற்றுவட்டாரச் செடிகளுக்கென்றே தனி ஏடு வைத்தார்.

உங்கள் ஏட்டில் ஒரு கட்டம் கூடுதலாகச் சேருங்கள்: "தேடினேன், இல்லை". வலசைப் பறவையை அக்டோபர் 10இல் முதலில் பார்த்தேன் என்று மட்டும் எழுதினால் பயனில்லை. அதற்கு முந்தைய வாரம் ஏரிக்கே போகவில்லையென்றால் அது பறவை வந்த நாள் அல்ல, நீங்கள் போன நாள்.

நாணல்:
கதிர்க்குருவிகளை முதலில் பிரித்தது காதுதான். ஒன்று மார்ச் நடுவிலேயே வந்து இரண்டே சுரத்தை மாறிமாறிக் கூவும். இரண்டாவது இழைந்து இறங்கும் பாட்டுப் பாடும். மூன்றாவது உயர்ந்த பீச் மரங்களின் உச்சியில் இருந்துகொண்டு, சிறகு நடுங்க, வெட்டுக்கிளிபோலச் சீறும்.

ஆனால் குரலோடு அவர் நிற்கவில்லை. மூன்றின் உடல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மிகச் சிறியதற்குக் கால் கறுப்பு, மற்ற இரண்டுக்கும் தோல் நிறம். மஞ்சள் மிகுந்தது எல்லாவற்றிலும் பெரியது, அதன் சிறகு இறகுகளின் நுனி வெள்ளை. முதல் இரண்டையும் எடைபோட்டுப் பாட்டுக்காரப் பறவையே கனமானது என்றும் குறித்தார். 1768 ஆகஸ்டில் விலங்கியலாளர் தாமஸ் பென்னன்டுக்கு எழுதிய கடிதத்தில் இது மூன்று இனம் என்று உறுதியாகச் சொல்கிறார். இன்றைக்குச் சுட்டுப் பார்க்கத் தேவையில்லை. குரலைக் கைப்பேசியில் பதிந்து, கால் நிறத்தையும் மூடிய சிறகின் நீளத்தையும் படமெடுத்தால் போதும்.

கூகை:
அளந்து பார்க்கும் குணம்தான் எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது. கூகைகள் குஞ்சுக்கு இரை கொண்டுவருவதைக் கடிகாரத்தோடு ஒரு மணி நேரம் தொடர்ந்து கவனித்து, ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று திரும்புகிறது என்று எழுதினார். அறுவடை எலி இரண்டைத் தராசில் இட்டால் ஒரு செப்பு அரைப்பென்னி நாணயத்தின் எடைக்குச் சமம்.

கருவியைச் சோதித்துப் பார்ப்பதற்கும் அவரிடமே பாடம் இருக்கிறது. 1784 டிசம்பர் 10 இரவு 11 மணிக்கு செல்போர்னில் பூஜ்யத்துக்குக் கீழே 1 டிகிரி ஃபாரன்ஹீட். மேட்டிலிருக்கும் பக்கத்து ஊரான நியூட்டனிலோ 17. மேடுதான் அதிகம் குளிரும் என்று எதிர்பார்த்தவர், அங்கிருந்த வெப்பமானி பழுதென்று சந்தேகித்துத் தன்னுடையதில் ஒன்றை அனுப்பிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் செய்தார். இரண்டும் ஒரே அளவைக் காட்டின. குளிர்ந்த காற்று கனமானதால் பள்ளத்தில் இறங்கித் தேங்கியிருக்கிறது. செடிகளும் அதையே சொல்லின: அவர் தோட்டத்துப் பசுமைமாறா மரங்கள் கருகின, நியூட்டனில் இலைகூட உதிரவில்லை.

அவரிடமிருந்த இன்னொரு வெப்பமானியில் அளவுக்கோடு கீழ்ப்பக்கத்தில் 4 டிகிரியோடு முடிந்துவிட்டது. அதனால் முக்கியமான இரவில் அது உதவவில்லை. வாங்கும்போது உங்கள் ஊரின் உச்சத்துக்கும் மேலே பத்து டிகிரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். நிழலில், தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், சுவரை ஒட்டாமல் மாட்டுங்கள்.

நாணல்:
சறுக்கல் என்றால் தகைவிலான் என்ற வலசைப் பறவை விஷயத்தில்தான். எல்லாம் போய்விட்ட பிறகு, நவம்பரில் வெயில் அடித்த நாளில் சில தலைகாட்டும். அவை அருகிலேயே எங்கோ பதுங்கி உறங்குகின்றன என்ற எண்ணத்தை அவரால் விடவே முடியவில்லை. ஆள் வைத்துப் புதர்களைத் தோண்டிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. ஸ்பெயினின் தென்முனையை ஒட்டிய ஜிப்ரால்டரிலிருந்த தம்பி ஜான், அவை கடல் கடப்பதை எழுதியபோதும் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. பின்தங்கிய குஞ்சுகளையும் வடக்கிலிருந்து கடந்துபோகும் பறவைகளையும் உள்ளூர்ப் பறவையாக எண்ணியதே கோளாறு. தனிப்பறவையை அடையாளம் காண அன்று வழியில்லை. 1911 மே மாதம் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் காலில் வளையமிட்ட தகைவிலான் 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் கிடைத்த பிறகுதான் அவை எவ்வளவு தூரம் போகின்றன என்பது கையில் பிடித்த சான்றோடு தெரிந்தது.

ஆகவே ஏட்டில் பார்த்ததை ஒரு மையிலும் ஊகத்தை வேறு மையிலும் எழுதுங்கள்.