32 இன்ச் டிவிக்கு ‘4கே’ ஸ்டிக்கர்: இது ஏமாற்று வேலையா, இல்லையா?

பாலக்கோட்டுக்காரன்
அக்கா வீட்டுக்கு டிவி பார்க்க தர்மபுரியில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். 32 இன்ச். ஃபிரேம் மூலையில் தங்க நிற ஸ்டிக்கர், ‘4கே சப்போர்ட்’. விலை அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் ‘ஃபுல் எச்டி ஸ்மார்ட்’. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 1366 × 768. கேட்டதற்கு, “4கே வீடியோ ஓடும் சார்” என்று பென் டிரைவைச் சொருகி ஓட்டிக் காட்டினார்கள். ஓடியது. ஆனால் அந்த பேனலில், அதாவது திரையில், இருப்பதே சுமார் 10 லட்சம் பிக்சல் (படத்தை உண்டாக்கும் புள்ளிகள்). ஃபுல் எச்டி என்றால் 1920 × 1080, இருபது லட்சத்துக்கு மேல். 4கே என்றால் 3840 × 2160, கிட்டத்தட்ட 83 லட்சம். அவ்வளவு பெரிய படத்தை உள்ளே வாங்கி, சுருக்கி, பத்து லட்சத்தில் காட்டுகிற டிவிக்கு 4கே என்று ஒட்டுவது ஏமாற்று வேலைதான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ரவுண்டானா சேல்ஸ்மேன்
கிருஷ்ணகிரியில் டிவி கடையில்தான் வேலை பார்க்கிறேன். ஏமாற்று வேலை என்பது ரொம்பப் பெரிய வார்த்தை சார். ஸ்டிக்கர் கம்பெனியிலிருந்தே ஒட்டி வருகிறது, அதில் ‘சப்போர்ட்’ என்றுதான் இருக்கிறது. பென் டிரைவில் போட்டால் ஓடவும் செய்கிறது. அப்புறம், 32 இன்ச் டிவியை யாரும் மூக்கை ஒட்டி உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஆறடிக்கு அந்தப் பக்கம் போனால் 768 வரிக்கும் 1080 வரிக்கும் சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு ஜனங்கள் ஏன் கூடக் காசு கொடுக்க வேண்டும்?

அரூர் மெக்கானிக்
சேல்ஸ்மேன் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் சர்வீசுக்குப் போகிற வீடுகளில் பாதிக்கு மேல் சாதா கேபிள் பாக்ஸ்தான். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று பின் ஒயர். அதில் வருவதே 576 வரிப் படம். 43 இன்ச் 4கே டிவியை வாங்கி மாட்டிவிட்டு, “முகமெல்லாம் கலங்கலா இருக்குண்ணா, டிவி ரிப்பேர்” என்று கூப்பிடுகிறார்கள். டிவியில் ஒன்றும் இல்லை. எச்டி பாக்ஸ் வாங்கி எச்டிஎம்ஐ ஒயர் போட்டால் தெளிந்துவிடும். முதலில் இதைக் கடையில் சொல்லுங்கள், ஸ்டிக்கர் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

ஓசூர் அம்மா
மெக்கானிக் அண்ணா, எல்லாரும் சீரியல் பார்க்க மட்டும் டிவி வாங்குவதில்லை. மகள் ஆன்லைன் வகுப்புக்காக லேப்டாப்பை டிவியில் மாட்டி, மேசையில் வைத்து மூன்றடியில் உட்கார்ந்து படிக்கிறாள். ஃபுல் எச்டி என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். கணக்குப் பாடத்தில் அடுக்குக்குறி எண்கள் 3-ஆ 8-ஆ என்றே தெரிவதில்லை. செட்டிங்கில் போய்ப் பார்த்தால் 1366 × 768. பில்லில் ‘32 எல்இடி டிவி’ என்று மட்டும் இருக்கிறது. ஃபுல் எச்டி என்று வாய்ப்பேச்சாகச் சொன்னதற்கு என்னிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது? நான் கூடக் காசு கொடுக்கத் தயாராகத்தான் போனேன். எனக்கு எது போதும் என்பதைக் கடைக்காரர் ஏன் முடிவு செய்ய வேண்டும்?

பாலக்கோட்டுக்காரன்
ஓசூர் அம்மா கேட்டதுதான் என் கேள்வியும். சேல்ஸ்மேன் நண்பரே, ஸ்டிக்கர் கம்பெனியுடையது, சரி. விலை அட்டையில் ‘ஃபுல் எச்டி’ என்று எழுதியது யார் கை? 1366 × 768 மட்டமான பேனல் இல்லை. ‘எச்டி ரெடி’ முத்திரையை ஐரோப்பாவில் 2005-இல் கொண்டுவந்தபோது குறைந்தது 720 வரி இருக்க வேண்டும் என்றுதான் வைத்தார்கள். அந்தக் கணக்கில் இது தாராளமாக எச்டி ரெடி. அதையே எழுதி விற்றால் யார் குறை சொல்லப்போகிறார்கள்?

ரவுண்டானா சேல்ஸ்மேன்
விலை அட்டையில் அப்படி எழுதியது தப்புதான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் எங்கள் கஷ்டத்தையும் பாருங்கள். நான் ‘எச்டி ரெடி’ என்று எழுதினால், அதே பேனலுக்கு ‘4கே’ என்று எழுதியிருக்கும் பக்கத்துக் கடைக்குத்தான் கூட்டம் போகிறது. தீபாவளி சமயத்தில் நின்று விளக்கம் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

காவேரிப்பட்டணம் வக்கீல்
பொருளின் தரத்தைப் பற்றித் தவறான தகவல் தந்து விற்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பக்கத்துக் கடையும் செய்கிறது என்பது அங்கே பதிலாகாது. ஓசூர் அம்மா, பெட்டியையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள். விலை அட்டை இன்னும் கடையில் தொங்கினால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கி இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இனி வாங்குகிறவர்கள் மாடல் நம்பரும் ரெசொல்யூஷனும் (1366 × 768 என்பது போன்ற பிக்சல் கணக்கு) பில்லில் ஏறாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

ரவுண்டானா சேல்ஸ்மேன்
மாடல் நம்பர் நாங்கள் எப்போதும் போடுகிறோம். ரெசொல்யூஷனையும் போடச் சொல்லி முதலாளியிடம் பேசுகிறேன். ஆனால் கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கரைக் கடையில் பிய்க்க முடியாது சார். அதைக் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும்.