பத்திரம் இல்லாத வீடு

காலை 7:31

அம்மா: கண்ணு, நேத்து வீடியோ கால்ல யாரோ சுத்தியல்ல அடிக்கற மாதிரி கேட்டுச்சே, என்னது அது?

அக்கா: வீட்டைச் சூடாக்கற ரேடியேட்டர்ம்மா. 1920கள்ல கட்டின கட்டடம். கீழ பாய்லர்ல இருந்து ஆவி குழாய் வழியா மேல வரும், குளிர்ந்து தண்ணியாகி அதே குழாய்ல இறங்கும். நடுவுல தண்ணி தேங்குனா, ஆவி அதைத் தூக்கி அடிக்கும்.

சித்தி: பாப்பா தூங்கறாளா?

அக்கா: விடிகாலை 5 மணிக்கு முழிச்சுக்கறா சித்தி. குளிர்காலத்துல காலைல 6 மணிலிருந்து வீட்டுக்குள்ள 68 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கணும்னு நியூயார்க்ல சட்டம். அதுக்கு முன்னாடியே பாய்லர் ஓட ஆரம்பிச்சுரும்.

நான்: வால்வைப் பாதி மூடிப் பாரேன்.

அக்கா: அதைத்தான்டா செஞ்சேன், அதுதான் தப்பு. ஒத்தக் குழாய்ல முழுசாத் திறக்கணும், இல்ல முழுசா மூடணும். பாதில நின்னா தண்ணி இறங்காது.

பெரியப்பா: அது கெடக்கட்டும் கண்ணு. பத்திரம் கைக்கு வந்துருச்சா?

அக்கா: பத்திரம் வராதுங்க பெரியப்பா. இது கோ-ஆப், கூட்டுறவு மாதிரி. கட்டடம் மொத்தமும் ஒரு கம்பெனி பேர்ல இருக்கு. நாங்க வாங்கினது அதுல பங்கு. பங்குச் சான்றிதழும், இந்த வீட்ல குடியிருக்க ஒரு குத்தகை ஒப்பந்தமும் குடுத்திருக்காங்க.

பெரியப்பா: 30 வருசம் கூட்டுறவு சங்கத்துல கணக்குப் பார்த்தவன் நான். ஆளுக்கு ஒரு ஓட்டுத்தானே?

அக்கா: எங்க கட்டடத்துல பங்கு எத்தனையோ அத்தனை ஓட்டுங்க. மாசாமாசம் மெயின்டனன்ஸும் அந்தக் கணக்குலதான். சொத்துவரி, ஹீட், தண்ணி, கட்டடத்து மேல இருக்கற கடன், வேலையாள் சம்பளம் எல்லாம் அதுக்குள்ளயே வந்துரும்.

அம்மா: நாளைக்கு விக்கணும்னா?

அக்கா: விக்கலாம்மா. ஆனா வாங்கறவங்களை அந்தக் கம்பெனியோட நிர்வாகக் குழு, அதான் போர்டு, ஒத்துக்கணும். வாடகைக்கு விடறதுக்கும் கேக்கணும்.

அக்கா: இதுக்கு முன்னாடி ஒரு கட்டடத்துல எங்களை வேண்டாம்னுட்டாங்க. வரிக்கணக்கு, பேங்க் ஸ்டேட்மென்ட், தெரிஞ்சவங்க கடிதம்னு ஒரு கட்டுக் குடுத்தோம். காரணம் சொல்லல. சொல்லணும்னு கட்டாயமும் இல்லையாம். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறே இறங்கல.

அம்மா: ஏன் கண்ணு என்கிட்ட சொல்லல?

அக்கா: அழுதுருவேன்னு பயமா இருந்துச்சும்மா.

அக்கா: எங்க ஏரியா, இந்த ஜாக்சன் ஹைட்ஸை உருவாக்கின கம்பெனி அந்தக் காலத்துல யூதர்களுக்கும் கறுப்பினத்தவங்களுக்கும் வீடு குடுக்கல. இன்னிக்கு எங்க மாடில ஒரு கொலம்பியாப் பாட்டி, ஒரு திபெத் குடும்பம், எதிர்ல வங்காளதேசத்துக்காரங்க, அப்புறம் நாங்க. எல்லா ஜன்னலும் நடுவுல இருக்கற ஒரே தோட்டத்தைப் பார்த்துத்தான் திறக்கும். அதுக்காகத்தான் வாங்குனா இங்கதான்னு பிடிவாதமா இருந்தேன்.

பெரியப்பா: கம்பெனியோட ஆண்டுக் கணக்கை அனுப்பு கண்ணு. கடன் எவ்வளவு, ரிசர்வ் எவ்வளவுன்னு பார்த்துச் சொல்றேன்.

அக்கா: இப்பவே அனுப்பறேங்க பெரியப்பா.

நான்: சத்தத்துக்கு என்ன வழி?

அக்கா: கட்டடத்தைப் பார்த்துக்கற சூப்பர் வந்து பார்த்தாரு. ரேடியேட்டர் வால்வு பக்கமாச் சாயணுமாம், எங்களுது எதிர்ப்பக்கம் சாஞ்சிருக்கு. நாளைக்கு அந்தக் கோடிக் காலுக்குக் கீழ கட்டை வெக்கறேன்னாரு.

அம்மா: வெச்சதும் மறுநாள் விடிகாலைல கூப்பிடு. உனக்கு 5 மணின்னா எனக்கு மதியம் மூணரை. நானும் கேக்கறேன்.