வயநாட்டுக் குழந்தைகளைத் தத்துக் கொடுப்பதாக வாட்ஸ்அப்பில் வருகிறதே, நம்பலாமா?

கூடலூர்_ராஜன்
ஆகஸ்ட் 2024

நாங்கள் கூடலூர். வயநாட்டு மேப்பாடி எங்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம்தான். மனைவியின் உறவுக்காரர்கள் சிலர் அங்கே எஸ்டேட் வேலையில் இருக்கிறார்கள். ஜூலை 30 நிலச்சரிவுக்கு அப்புறம் எங்கள் சங்கக் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. நிலச்சரிவு நடந்த முண்டக்கையில் அப்பா அம்மா இருவரையும் இழந்த மூன்று வயதுப் பெண் குழந்தையும் ஒரு கைக்குழந்தையும் இருக்கிறார்களாம், நல்ல குடும்பமாக இருந்தால் தத்துக் கொடுப்பார்களாம். கீழே ஒரு மொபைல் நம்பர்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம், குழந்தை இல்லை. "போய்ப் பார்த்துவிட்டாவது வரலாம்" என்று மனைவி ஒற்றைக் காலில் நிற்கிறாள். அந்த நம்பரில் பேசினேன். ஆஸ்பத்திரிச் செலவு, பேப்பர் செலவு என்று முப்பதாயிரம் கேட்கிறார். கோர்ட், ஆபீஸ் எதுவும் வேண்டாம், நோட்டரி பத்திரமே போதும் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாகை_மல்லிகா

ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள் தம்பி. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போதும் கிட்டத்தட்ட இதே செய்திதான் சுற்றியது. ஊர்ப் பெயரை மாற்றி மறுபடி இறக்கிவிட்டிருக்கிறார்கள்.

2004 சுனாமி முடிந்த கையோடு நாகப்பட்டினத்தில் குழந்தைகளைப் பதிவு செய்யும் வேலையில் இருந்தேன். ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம். தேடி வருகிறவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று குழந்தையின் பெயர், வயது, அப்பா பெயர், ஊர் எல்லாவற்றையும் எழுதி வாசலில் ஒட்டியிருந்தார்கள். ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து, ஒரு பையனுக்குத் தாய்மாமன் என்றார். அப்பா பெயர் சரி, வயது சரி. ஊர் எது என்றால் "செருதூர்" என்றார். பையனுக்கு ஊர் அக்கரைப்பேட்டை. பட்டியல் எழுதியவர் கைதவறிச் செருதூர் என்று போட்டிருந்தார்! அந்தப் பிழையோடு சேர்த்து மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார் மனிதர். போலீஸைக் கூப்பிடுவதற்குள் ஆள் கம்பி நீட்டிவிட்டார். அன்றைக்கே பட்டியலைக் கிழித்தோம். அப்புறம் யார் வந்தாலும் அப்பா பெயரைக் கேட்பதில்லை. வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள், ரேஷன் கார்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்போம். அதையே குழந்தையிடம் தனியாகக் கேட்போம். கடைசியில் ஊர்ப் பஞ்சாயத்தார் வந்து ஆள் சரிதான் என்று சொல்ல வேண்டும்.

வெளியாள் மட்டும்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். குழந்தை பெயரில் அரசு பணம் போடும் என்று தெரிந்ததும், அதுவரை எட்டிப் பார்க்காத சித்தப்பாக்கள் எல்லாம் முளைத்தார்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பெண்களை, மனைவியைப் பறிகொடுத்த ஆண்களுக்குக் கட்டிவைத்ததும் நடந்தது. சில வீடுகளில் இறந்த அக்காவின் கணவருக்கே. "பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டாமா?" என்பார்கள். அவளே பிள்ளைதானே என்று கேட்டால் எங்களை ஊர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவர்கள் என்றார்கள். மில் வேலை, தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு என்று ஆள் பிடிக்க வந்த தரகர்களும் உண்டு.

இப்போது உங்கள் விஷயம். ஆதரவில்லாமல் ஒரு குழந்தை கிடைத்தால் 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் கொண்டுபோக வேண்டும். அவர்கள் முதலில் சொந்தபந்தம் யாராவது இருக்கிறார்களா என்று தேடுவார்கள். ஒருவரும் இல்லை என்று உறுதியான பிறகுதான் தத்துக்குத் தகுதி என்று அறிவிப்பார்கள். இரண்டு வயதுக்குள் என்றால் அதற்கு 2 மாதம், அதற்கு மேல் 4 மாதம் கெடு. தத்தெடுக்க விரும்புகிறவர்கள் மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காராவின் (CARA) இணையதளத்தில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நிலச்சரிவு நடந்து சில நாளில் "ரெடியாக" ஒரு குழந்தை இருக்க வழியே இல்லை. இந்த நடைமுறையைத் தாண்டிக் குழந்தையைக் கொடுத்தாலும் எடுத்துக்கொண்டாலும் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தில் 3 வருஷம் வரை சிறை. நோட்டரி பத்திரம் அங்கே செல்லாது.

கோவை_பாலு

அக்கா சொல்வது சரி, ஆனால் காராவில் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும். அதுவரை குழந்தை ஹோமிலேயே வளரணுமா? நல்ல மனசோடு வருகிறவர்களையும் திருடனைப் போலப் பார்த்தால் எப்படி?

கல்முனையான்

இலங்கையில், எங்கட ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். சுனாமியில் தப்பிய ஒரு கைக்குழந்தை கல்முனை ஆஸ்பத்திரியில் 81ஆவதாகச் சேர்க்கப்பட்டது. 'பேபி 81' என்று உலகம் முழுக்கப் பேப்பரில் வந்த பிள்ளை அதுதான். பல பேர் உரிமை கேட்டதாகச் செய்தி வர, கோர்ட் டி.என்.ஏ. சோதனைக்கு உத்தரவிட்டது. 2005 பெப்ரவரி நடுவில்தான் முடிவு வந்து பெற்றவர்களின் கையில் பிள்ளை போனது. ஏழு கிழமை, அதாவது ஏழு வாரம்! அந்தத் தாய் பட்ட பாடு சொல்லி மாளாது. ஆனால் யாராவது நல்ல மனசுக்காரர் முதல் கிழமையே தூக்கிக்கொண்டு போயிருந்தால்?

நாகை_மல்லிகா

பாலு, காத்திருப்பு நீளம்தான், நான் மறுக்கவில்லை. அதற்காக வரிசையை உடைக்கப் பேரிடர் நேரம்தானா கிடைத்தது? 2010 ஹைட்டி பூகம்பத்தில் அமெரிக்காவிலிருந்து போன பத்துப் பேர் 33 குழந்தைகளை உரிய பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டிக் கூட்டிப்போகப் பார்த்துப் பிடிபட்டார்கள். அநாதைகளைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். விசாரித்தால் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். பக்தியும் பாசமும் குறைவான ஆட்கள் இல்லை அவர்கள். ஹோம் வேண்டாம் என்றால் தாத்தா பாட்டியிடமே விட்டு மாதாமாதம் பண உதவி தரலாம், தற்காலிகமாக வேறொரு குடும்பத்தில் வளர்ப்புப் பராமரிப்பில் வைக்கலாம். தத்து அதற்கெல்லாம் அப்புறம்தான்.

கூடலூர்_ராஜன்

நன்றி அக்கா. மனைவியிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். பதில் பேசவில்லை, ஆனால் காராவில் பதிய என்னென்ன வேண்டும் என்று அவளே கேட்டாள். அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டேன்.

நாகை_மல்லிகா

பிளாக் செய்தது இருக்கட்டும், சாட்டை அழித்துவிடாதீர்கள். நம்பர், அவர் பணம் கேட்ட குரல்பதிவு இருந்தால் அது, குழுவில் வந்த செய்தி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள், போலீஸிலும் ஒரு புகார் எழுதிக் கொடுங்கள். சங்கக் குழுவில் அதை முதலில் போட்டவருக்கு யார் அனுப்பினார்கள் என்றும் கேட்டுவிடுங்கள்.