‘நெகிழ்வுப் பணி’: ஒரு சொல் போதாது

சொல்லாக்கக் குழுமத்தாருக்கு வணக்கம்.

வேலை நேரம் நிலையாக இராமல் மாறக்கூடிய ‘பிளெக்சிபிள் வேர்க்’ (flexible work) என்பதற்குத் தமிழில் ‘நெகிழ்வுப் பணி’ என்றே வைத்துக்கொண்டு இந்த இழையை முடித்துவிடலாம் என்பது சென்ற மடலின் கருத்து. அச்சொல்லில் இலக்கணக் குறை இல்லை. ஆனால் வேலை நேரத்தை மாற்றும் அதிகாரம் யாருடைய கையில் இருக்கிறது என்பதை அது சொல்லாமல் விடுகிறது. தொழில் உறவுகளைப் பற்றி எழுதுபவருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.

பிரித்தானியாவில் 2003ஆம் ஆண்டு இளம் பிள்ளைகளின் பெற்றோருக்கு, தமக்கேற்ற வேலை நேரத்தைக் கோரும் உரிமை கிடைத்தது. 2014இல் அது 26 கிழமைகள் சேவையாற்றிய எல்லா ஊழியருக்கும் விரிந்து, 2024 ஏப்ரலிலிருந்து வேலையில் சேரும் முதல் நாளிலேயே கோரலாம் என்றாயிற்று. அதே நாட்டில்தான் ஒரு மணிநேர வேலையைக்கூடத் தொழில்தருநர் உறுதிசெய்யாத ஒப்பந்தங்களும் பெருகின. வேறிடத்தில் வேலை செய்யக்கூடாது என்ற நிபந்தனையை அத்தகைய ஒப்பந்தங்களில் செல்லாததாக்க 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை, வேலையும் கொடுக்காமல் வேறு வேலைக்கும் விடாமல் ஒருவரைக் கட்டிவைக்க முடிந்தது. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே அடைமொழி. நாமும் அக்குழப்பத்தை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டுமா?

திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை விடுதிகளில் சீசன் ஏறத்தாழ மே தொடங்கிச் செப்டெம்பரில் ஓய்கிறது. அந்த மாதங்களிலும் அறை துப்புரவாக்கும் பெண்ணுக்கு மறுநாள் வேலை உண்டா என்பது இரவு ஒன்பது மணிக்கு வரும் வட்ஸ்அப் குரல்பதிவில்தான் தெரிகிறது: “நாளைக்கு ஆக்கள் குறைவு, நீங்கள் வீட்டில நில்லுங்கோ.” அவர் அந்த நாளை வேறொருவருக்கும் ஒப்புக்கொடுத்திருக்க முடியாது. இங்கே நெகிழ்வது அவருடைய வாழ்க்கை. விடுதியின் கணக்கு நெகிழ்வதில்லை.

தேவைப்படும்போது மட்டும் வேலைக்கு எடுக்கப்படுபவருக்கு வழங்கும் ‘அமைய ஊழியர்’ என்ற பழகிய சொல்லே போதும் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அரச அலுவலகங்களில் அது நன்கு வேரூன்றிய சொல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அமைய ஊழியர் சட்டத்தின் பார்வையில் ஊழியரே. ஓய்வுகாலச் சேமிப்புக்கான இலங்கையின் 1958ஆம் ஆண்டு ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி, சம்பளத்தில் ஊழியரின் பங்கு 8 வீதமும் தொழில்தருநரின் பங்கு 12 வீதமும் அவருக்கும் உரியவை. செயலி வழியாக முச்சக்கரவண்டி ஓட்டுபவரோ ‘பங்காளர்’ என்று அழைக்கப்பட்டு, ஊழியர் என்ற வரையறைக்கே வெளியே நிறுத்தப்படுகிறார். 2021இல் ஊபர் வழக்கில் பிரித்தானிய உயர் நீதிமன்றம் (Supreme Court), சாரதி தமக்கு அனுமதியுள்ள பகுதியில் செயலியைத் திறந்து சவாரிக்கு ஆயத்தமாக இருக்கும் நேரமும் வேலை நேரமே என்று தீர்ப்பளித்தது. காத்திருப்பைக் கணக்கில் எடுத்த அத்தீர்ப்பு நமது சொல்லாக்கத்துக்கும் வழிகாட்டுகிறது.

ஆகவே ஊழியர் தாமே தெரிவு செய்வதற்கு ‘விருப்பநேரப் பணி’ என்றும், தொழில்தருநர் கூப்பிடும்போது மட்டும் கிடைப்பதற்கு ‘அழைப்புநேரப் பணி’ என்றும், மணிநேர உறுதி இல்லாத ஒப்பந்தத்துக்கு ‘நேர உறுதியிலா ஒப்பந்தம்’ என்றும் முன்மொழிகிறேன். ‘நெகிழ்வு’ பொருளியலில் பொதுச்சொல்லாக நிற்கட்டும். 1984இல் பிரித்தானிய ஆய்வாளர் ஜோன் அட்கின்சன் நிறுவனங்களைப் பற்றிப் பிரித்துக் காட்டிய நெகிழ்வு வகைகளில் இரண்டை, ஆட்தொகையைக் கூட்டிக் குறைப்பதை ‘ஆளெண் நெகிழ்வு’ என்றும், இருப்பவரையே பல வேலைகளுக்குப் பழக்குவதை ‘வினை நெகிழ்வு’ என்றும் சொல்லலாம்.

‘அழைப்புநேரம்’ தொலைபேசி உரையாடலின் நீளத்தைக் குறிப்பதாக மயங்க இடமுண்டு. அது எனக்கும் உறுத்துகிறது. துறைமுகத்தில் பணியாற்றிய மூத்தவர்கள் சிலர் இக்குழுமத்தில் இருக்கிறார்கள். கப்பல் அணையும்வரை கூப்பிடு தூரத்தில் காத்திருக்கும் ஆளுக்கு அங்கே வழங்கிய சொல் ஏதும் இருப்பின் எழுதுங்கள். பொருந்துமானால் என்னுடையதை மீளப்பெற்றுக்கொள்கிறேன்.