ஃப்ரீபிஎஸ்டி 14: மேக்.கான்ஃப், எஸ்ஆர்சி.கான்ஃப் குழப்பம், பில்ட்வேர்ல்டு பாதியில் சாகிறது

கேள்வி

4 கோர், 4 ஜிபி ராம் உள்ள ஸ்கைலேக் (இன்டெல் சிபியு) பெட்டியில் ஃப்ரீபிஎஸ்டி 14 இயங்குதளத்தின் பேஸ் சிஸ்டத்தை (கெர்னலும் அடிப்படைக் கருவிகளும்) சோர்ஸிலிருந்து பில்ட் செய்கிறேன். /இடிசி/மேக்.கான்ஃப் கோப்பில் இவ்வளவும் இருக்கிறது:

சிபியுடைப்=நேட்டிவ்
சிஃப்ளாக்ஸ்=-ஓ3 -பைப்
விதவுட்_டெஸ்ட்ஸ்=யெஸ்
விதவுட்_லிப்32=நோ

மேக் -ஜே8 பில்ட்வேர்ல்டு (கெர்னல் தவிர மற்றவற்றை, எட்டு வேலைகளாக கம்பைல் செய்வது) கொடுத்தால் எல்எல்விஎம் (கம்பைலரின் அடித்தளம்) பகுதி வரும்போது கம்பைலர் கில் ஆகி நின்றுவிடுகிறது. லிப்32 (32 பிட் லைப்ரரிகள்) வேண்டும் என்றுதான் 'நோ' போட்டேன். ஆனால் போன முறை டெலீட்-ஓல்டு (தேவையற்ற பழைய கோப்புகளை நீக்கும் கட்டளை) ஓடியதும் 32 பிட் லைப்ரரிகள் எல்லாம் போய்விட்டன. இதே பில்டை என்எஃப்எஸ் (நெட்வொர்க் கோப்புப் பகிர்வு) வழியாக ஒரு பழைய கோர் 2 பெட்டியிலும் இன்ஸ்டால் செய்ய வேண்டும். எதை மாற்ற வேண்டும்?

பதில் 1

முதலில் லிப்32. வித்_, விதவுட்_ என்று தொடங்கும் விருப்பங்களுக்கு என்ன மதிப்பு கொடுக்கிறீர்கள் என்பதை மேக் பார்ப்பதே இல்லை. பெயர் கோப்பில் இருக்கிறதா, அவ்வளவுதான் கணக்கு. 'விதவுட்_லிப்32=நோ' என்றாலும் லிப்32 வேண்டாம் என்றே பொருள். டெலீட்-ஓல்டும் அதே விருப்பங்களைப் பார்த்துத்தான் எதை நீக்குவது என்று முடிவு செய்யும். அது தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. அந்த வரியையே எடுத்துவிட்டு, மறுபடி பில்ட், இன்ஸ்டால் செய்தால் திரும்ப வரும். பில்ட் தொடங்கும் முன் /யூஎஸ்ஆர்/எஸ்ஆர்சி அடைவில் 'மேக் ஷோகான்ஃபிக்' கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு விருப்பமும் கடைசியில் யெஸ்ஸா நோவா என்று காட்டும்.

அடுத்து, எது எந்தக் கோப்பில். மேக்.கான்ஃபை போர்ட்ஸ் (பேஸுக்கு வெளியே உள்ள மென்பொருள்கள்) உட்பட எல்லா பில்டும் படிக்கும். எஸ்ஆர்சி.கான்ஃப் பேஸ் சோர்ஸுக்கு மட்டும். விதவுட்_ வரிகளை இரண்டாவதற்கு மாற்றுங்கள். சிஃப்ளாக்ஸ் (கம்பைலருக்கான விருப்பங்கள்) வரியை அழித்துவிடுங்கள்: -ஓ, -ஓ2 தவிர வேறு ஆப்டிமைசேஷன் நிலைகளுக்கு ஆதரவு இல்லை என்று மேன் பக்கமே (கையேடு) சொல்கிறது. இயல்பாகவே -ஓ2 -பைப் வந்துவிடும். சிபியுடைப்புக்கு வெறும் '=' வேண்டாம், '?=' போடுங்கள். இல்லையென்றால் பில்டின் உள்ளே தேவைப்படும் இடத்தில் அந்த மதிப்பை மாற்ற முடியாமல் போகும்.

பதில் 2

கில் ஆவதற்குக் காரணம் ராம். டிமெசேஜில் (கெர்னல் செய்திகள்) 'ஃபெயில்டு டு ரீக்ளெய்ம் மெமரி' என்று வந்திருக்கும், பாருங்கள். எல்எல்விஎம்மின் சி++ கோப்புகளில் சில தனியாகவே 1 ஜிபியைத் தாண்டும். 4 ஜிபியில் எட்டு வேலைகள் ஒன்றாக ஓடினால் தாங்காது. -ஜே2 வையுங்கள், 4 ஜிபியாவது ஸ்வாப் (ராமுக்குத் துணையான டிஸ்க் இடம்) கொடுங்கள். /யூஎஸ்ஆர்/ஓபிஜே (பில்ட் கோப்புகள் சேரும் அடைவு) டிஎம்பிஎஃப்எஸ்ஸில் இருந்தால் உடனே டிஸ்க்குக்கு மாற்றுங்கள், அதுவும் ராமைத்தான் தின்கிறது. ஸ்வாப் மெதுவான டிஸ்க்கில் இருந்தால் விஎம்.பேஜவுட்_ஊம்_செக் என்ற கெர்னல் அமைப்பின் மதிப்பை 12லிருந்து 120 ஆக்கினால், கெர்னல் அவசரப்பட்டுக் கொல்லாது.

எஸ்ஆர்சி.கான்ஃபில் விதவுட்_எல்எல்விஎம்_டார்கெட்_ஆல் சேருங்கள். ஆர்ம், பவர்பிசி போன்ற பிற கட்டமைப்புகளுக்கான பகுதிகள் கம்பைல் ஆகாது, நேரம் நன்றாகக் குறையும். ஆனால் வேறு கட்டமைப்புக்கு கிராஸ் பில்ட் செய்பவர்கள் இதைத் தொடக்கூடாது.

ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்காமலிருக்க வித்_மெட்டா_மோட் உதவும். அதை எஸ்ஆர்சி.கான்ஃபில் போட்டால் வேலை செய்யாது, /இடிசி/எஸ்ஆர்சி-என்வ்.கான்ஃபில்தான் போட வேண்டும். கூடவே 'கேஎல்டிலோட் ஃபைல்மான்' கொடுத்து அந்த மாட்யூலை ஏற்ற வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இடமும் நேரமும் மிச்சம் என்று விதவுட்_கிளாங் போடலாமா? கோர் 2 பெட்டிக்கு நேட்டிவ் சரிவருமா?

பதில் 3

இரண்டும் வேண்டாம்.

விதவுட்_கிளாங் போட்டால் புதிய சிஸ்டத்துக்கு கம்பைலர் பில்ட் ஆகாது. பழைய கிளாங் டிஸ்க்கில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. டெலீட்-ஓல்டு அதையும் நீக்கிய பிறகு, அடுத்த பில்ட்வேர்ல்டுக்கு கம்பைலரே இருக்காது. தானே சோர்ஸிலிருந்து பில்ட் செய்துகொள்ளும் பெட்டியில் இந்த விருப்பத்துக்கு இடமில்லை.

நேட்டிவ் என்றால் பில்ட் செய்யும் பெட்டியின் சிபியு. ஸ்கைலேக்கில் ஏவிஎக்ஸ்2 (கூடுதல் சிபியு கட்டளைகள்) உண்டு, கோர் 2வில் ஏவிஎக்ஸே கிடையாது. இன்ஸ்டால்வேர்ல்டு முடிந்ததும் சாதாரண கட்டளைகள்கூட சிக்னல் 4 (சிபியு அறியாத கட்டளை) வாங்கிச் சாகும். /ரெஸ்க்யூவை (அவசர மீட்புக் கருவிகள்) நம்ப முடியாது, அதுவும் அதே ஃப்ளாக்குகளில் பில்ட் ஆனதுதான். இன்ஸ்டால் இமேஜில் பூட் செய்துதான் மீட்க வேண்டியிருக்கும். எனவே பொது பில்டுக்கு 'சிபியுடைப்?=கோர்2' போடுங்கள். இரண்டு பெட்டியிலும் மேக்.கான்ஃப், எஸ்ஆர்சி.கான்ஃப் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஏனென்றால் இன்ஸ்டால் செய்யும் பெட்டி தன்னிடம் உள்ள கோப்புகளைத்தான் படிக்கும்.

வரிசை: பில்ட்வேர்ல்டு, பில்ட்கெர்னல், இன்ஸ்டால்கெர்னல், ரீபூட். புதிய கெர்னல் சரியாக எழுந்த பிறகு இடிசிஅப்டேட் -பி (/இடிசி கோப்புகளைப் புதுப்பிக்கும் கட்டளை; இது சின்ன p), இன்ஸ்டால்வேர்ல்டு, இடிசிஅப்டேட் -பி (இந்த முறை பெரிய B), டெலீட்-ஓல்டு, மறுபடி ரீபூட். டெலீட்-ஓல்டு-லிப்ஸை மட்டும் தள்ளிப் போடுங்கள். பழைய லைப்ரரிகளை நம்பியிருக்கும் போர்ட்ஸை மறுபடி பில்ட் செய்த பிறகு ஓட்டினால் போதும்.