தோமா யார் கட்சி? எங்க ஆளா, நாத்திகர் ஆளா?

பாளையங்கோட்டைக்காரன்:
வணக்கம் மக்களே, சண்டை போட வரல, மொதல்லயே சொல்லிடுறேன். நான் சிஎஸ்ஐ, சண்டே ஸ்கூல் வசனப் போட்டில பரிசெல்லாம் வாங்குனவன். என் ரூம்மேட் கறுப்புச் சட்டை, பெரியார் திடல்ல எந்தக் கூட்டம்னாலும் ஆஜர் ஆயிடுவான். போன வாரம் சும்மா இருக்க மாட்டாம சங்கீதம் 14-ஐ எடுத்து விட்டேன், "தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்"னு. அவன் அசரவே இல்ல. "இருதயத்துல சொல்லிக்கிறவன்தானேடா மதிகேடன், நாங்க மைக் போட்டு சொல்றோம், சிலைக்குக் கீழ கல்லுலயே வெட்டி வெச்சிருக்கோம், அது எங்கள இல்ல"ங்கிறான். நான் சிரிச்சு முடிக்கல, அடுத்தத எறக்கிட்டான்: இயேசுவோட பன்னெண்டு சீஷர்ல தோமா எங்க ஆளு, அவரு உயிர்த்தெழுந்ததுக்கு ஆதாரம் காட்டுனாதான் நம்புவேன்னு நின்ன மனுசன், அவருக்குப் போயி பரங்கிமலைல கோயில் கட்டி வெச்சிருக்கீங்களேன்னு. இதுக்கு என்னத்தச் சொல்ல? பிரசங்கம் வேணாம், அவன் வாய அடைக்கிற மாதிரி ஏதாவது குடுங்க.

சாந்தோம் ஜோ:
தம்பி, மொதல்ல யோவான் 20-ஐ முழுசா படிக்கச் சொல்லுங்க உங்க ரூம்மேட்ட. உயிர்த்தெழுந்த ஆண்டவர் தன் காயத்தக் காட்டி "உன் விரல இங்க நீட்டு"ன்னு கூப்பிடுறாரு, ஆனா தோமையார் தொட்டாருன்னு அங்க ஒரு வரி கூட கிடையாது, நேரா "என் ஆண்டவரே, என் தேவனே"தான். விரல காயத்துக்குள்ள விடுற மாதிரி இத்தாலி ஓவியர் கரவாஜ்ஜோ வரைஞ்ச படத்தப் பாத்துப் பாத்து நமக்கே அப்படி மனசுல பதிஞ்சு போச்சு. இன்னொண்ணு, அதே யோவான் 11-ல மத்தவங்க எல்லாம் யூதேயாவுக்குத் திரும்பிப் போனா கல்லெறிவாங்கன்னு தயங்குறப்ப "அவரோட சாக நாமளும் போவோம் வாங்க"ன்னு சொன்னது இதே ஆளுதான். அத யாரும் ஞாபகம் வெச்சுக்கல, ஒரே ஒரு வாட்டி டவுட் கேட்டதுக்கு ரெண்டாயிரம் வருசமா சந்தேகத் தோமான்னு பட்டம் குடுத்து வெச்சிருக்கோம், பாவம். கி.பி. 52-ல கேரளக் கரைக்கு வந்து 72-ல இங்க மலைல உயிர விட்டாருங்கிறது எங்க மரபு. உங்க ரூம்மேட் கட்சில எவனாவது டவுட் தீந்தப்புறம் இவ்ளோ தூரம் கப்பலேறியிருக்கானா?

ஈரோட்டுக்காரன்:
ஜோ அண்ணே, மரபுன்னு நீங்களே நேர்மையா சொல்லிட்டீங்க, அதனால அதுல கை வைக்கல :) ஆனா யோவான் 20-ஐயே நானும் எடுக்கிறேன். மத்த பத்துப் பேருக்கும் இயேசு முன்னாடியே கையையும் விலாவையும் காட்டிட்டாரு, இருபதாம் வசனம். தோமா அன்னைக்கு அங்க இல்ல, அவ்ளோதான். அவங்களுக்குக் கெடைச்ச அதே ஆதாரத்ததான் அவரும் கேட்டாரு, அதுக்கு அவருக்கு மட்டும் கெட்ட பேரு, இது என்ன நியாயம்? நாங்க கேக்குறதும் அதேதான், பதினோரு பேருக்கும் காட்டுனத எங்களுக்கும் ஒரு தடவ காட்டுங்க, அப்புறம் பேசிக்கலாம். பரங்கிமலைல இருக்கிற அந்தக் கல் சிலுவைல 1558-லேர்ந்து 1704 வரைக்கும் அப்பப்ப ரத்தம் வேர்த்துச்சுன்னு சொல்றீங்களே, 1704-க்கு அப்புறம் ஏன் நின்னு போச்சு?

அப்புறம் கோவூர் பேர யாருமே எடுக்கலையே. ஆபிரகாம் கோவூர், திருவல்லால பொறந்தவரு, அப்பா மார்தோமா சபைல பெரிய பாதிரியாரு. அதாவது தோமா பேருலயே இருக்கிற சபை! அந்த வீட்டுப் புள்ளதான் இலங்கைக்குப் போயி தாவரவியல் வாத்தியாரா இருந்துட்டு, 1963-ல அற்புதம் செஞ்சு காட்டுறவனுக்கு ஒரு லட்ச ரூபான்னு சவால் விட்டாரு. 1978-ல சாகுற வரைக்கும் ஒருத்தனும் அந்தக் காச வாங்கல.

சாந்தோம் ஜோ:
1704-ல ஏன் நின்னுச்சா? உங்கள மாதிரி ஆளுங்க வரப் போறாங்கன்னு அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.

ஆயர் வீட்டு மருமக:
ஹாஹா, ஜோ அண்ணா 1704 பாயின்ட்ட நைசா தள்ளிவிட்டீங்க. எங்க மாமனார் முப்பது வருசம் பிரசங்கபீடத்துல நின்னவரு, வாதம் பண்றவங்களுக்கு அவரு ஒரே ஒரு வசனந்தான் சொல்லுவாரு, யாக்கோபு 2:19, "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன". கடவுள் இருக்காருன்னு ஒத்துக்கிட்டா மட்டும் பெரிய ஆளு கெடையாது, அத பிசாசே பண்ணுதுன்னு. அதனால நாத்திகர ஜெயிக்கணும்னு அவரு மெனக்கெட்டதே இல்ல, பக்கத்து வீட்டு திராவிடர் கழகத் தாத்தாவோட தெனம் சாயங்காலம் காபி, பேப்பர், சண்டை, இதே வேலை. என்னக் கேட்டா மாற்கு 9-ல புள்ளைக்குச் சொகம் கேட்டு இயேசுகிட்ட வர்ற அந்த அப்பன்தான் எனக்குப் பிடிச்ச ஆளு, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"ங்கிறான், ஒரே மூச்சுல ரெண்டையும். நெறய நாள் என் ஜெபமும் அவ்ளோதான். சகோதரர் ஈரோட்டுக்காரன், உங்களுக்கு அப்படி எந்த நாளும் வந்ததே இல்லயா, தலைகீழா?

ஈரோட்டுக்காரன்:
அக்கா, பரீட்சை ரிசல்ட் அன்னைக்கு லேசா வந்துச்சு, பாஸானதும் போயிடுச்சு. டிசம்பர் 24 வந்தாதான் எனக்குத் திண்டாட்டம், காலைல பெரியார் நினைவு நாளு, சிலைக்கு மாலை போடப் போயிடுவேன், ராத்திரி எதிர்வீட்டு ஸ்டீபன் கேரல் ரவுண்ட்ஸுக்கு ட்ரம் தூக்க ஆள் இல்லைன்னு வந்து நிப்பான். எல்லாப் பாட்டும் மனப்பாடம் ஆயிடுச்சு எனக்கு. கேக்குக்காகத்தான் போறேன்னு தோழர்கள்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.

பாளையங்கோட்டைக்காரன்:
எல்லாத்தையும் அவனுக்குப் படிச்சுக் காட்டுனேன். "அந்த யாக்கோபு வசனம் சூப்பர்டா, நம்பிக்கை மட்டும் இருந்தா பிசாசுதான்னு உங்க பைபிளே சொல்லுதுல்ல, அடுத்த கூட்டத்துல பேச யூஸ் பண்ணிக்கிறேன்"னுட்டு நோட்டுல எழுதி வெச்சுக்கிட்டான். அவன் வாய அடைக்கச் சொன்னா அவனுக்குப் பாயின்ட் எடுத்துக் குடுத்திருக்கீங்க எல்லாரும், நல்லா இருங்க.