வழிகாட்டு வாசிப்பா, துணையோடு வாசித்தலா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கைடட் ரீடிங், இன்டிபென்டன்ட் ரீடிங் என்ற இரண்டு வகுப்பறை வாசிப்பு முறைகளுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நடக்கும் இந்த இழையை மூன்று நாளாக வாசித்துவிட்டுச் சும்மாதான் இருந்தேன். நேற்றைய மடலைப் பார்த்ததும் கை பரபரத்தது, அதனால் இது கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> வழிகாட்டப்பட்ட வாசிப்பு, சுதந்திர வாசிப்பு. இரண்டும் பொருள் விளங்கும்படி இருக்கின்றன, இவற்றையே வைத்துக்கொள்ளலாமே.

விளங்குவது நமக்கு. கைடட் ரீடிங், இன்டிபென்டன்ட் ரீடிங் என்ற ஆங்கிலச் சொற்கள் ஏற்கெனவே மனதில் இருப்பதால் விளங்குகின்றன. என் அத்தை மகள் இரண்டாம் வகுப்பு எடுக்கிறார். ஒரு பயிற்சித்தாளில் "வழிகாட்டப்பட்ட வாசிப்பு - 20 நிமிடம்" என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவர் செய்தது இதுதான்: புத்தகத்தைக் கையில் எடுத்தார், ஒரு வரி வாசித்தார், பிள்ளைகள் கோரஸாகத் திருப்பிச் சொன்னார்கள், அடுத்த வரிக்குப் போனார். "வழிகாட்டுறேன்ல?" என்று என்னிடமே கேட்டார். அவர் மேல் தப்பில்லை. மாதிரி வாசிப்பு, பின்பற்றி வாசித்தல் என்றுதான் காலங்காலமாகப் பாடக்குறிப்பில் எழுதி வருகிறோம், அந்தப் பழக்கத்தில் "வழிகாட்டு" என்றாலே முன்னால் போகிறவர் ஆசிரியர் என்றுதான் காதில் விழும்.

உண்மையில் நடக்க வேண்டியது கிட்டத்தட்ட அதன் தலைகீழ். ஒரே நிலையில் இருக்கும் நாலைந்து பிள்ளைகள், மிஞ்சினால் ஆறு பேர், ஆசிரியரைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஒரே புத்தகத்தின் படி ஆளுக்கு ஒன்று கையில் இருக்கும். ஆசிரியர் கதையை லேசாக அறிமுகம் செய்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறார் (பலருக்கும் இதுதான் கஷ்டம்). ஒவ்வொரு பிள்ளையும் முழுப் பகுதியையும் தாழ்ந்த குரலில் தானே வாசிக்கிறது. ஆளுக்கு ஒரு பத்தி என்று முறை வைத்து வாசிப்பது இல்லை. ஆசிரியர் ஒவ்வொருவர் பக்கமாகச் சாய்ந்து கேட்கிறார், தடுக்கி நிற்கிற இடத்தில் ஒரு சின்னக் குறிப்பு கொடுக்கிறார், கடைசியில் வாசித்ததைப் பற்றிப் பேசுகிறார்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். ஆக, இதில் வாசிக்கிறது யார்? பிள்ளை. சொல்லில் முதலில் தெரிய வேண்டியது அது.

இன்னொன்றையும் இந்த இழையில் யாரும் தொடவில்லை. அந்த ஐந்து பேரோடு ஆசிரியர் உட்கார்ந்திருக்கும்போது மீதி இருபத்தைந்து பேர் என்ன செய்வார்கள்? அவர்கள்தான் இன்டிபென்டன்ட் ரீடிங்கில் இருப்பவர்கள். இரண்டும் தனித்தனிப் பாடவேளைகள் அல்ல, ஒரே அறையில் ஒரே நேரத்தில் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு நடப்பவை. பின்னது ஒழுங்காக நடக்காவிட்டால் முன்னதற்கு ஆசிரியரால் உட்காரவே முடியாது. அதனால் சொற்களும் ஜோடியாக வர வேண்டும், ஒன்றைச் சொன்னால் மற்றது நினைவுக்கு வர வேண்டும். "வழிகாட்டப்பட்ட", "சுதந்திர" இரண்டுக்கும் நடுவில் அப்படி எந்த உறவும் இல்லை. "சுதந்திர" என்பது விட்டுவிட்டோம் என்றும் ஒலிக்கிறது. 2000-இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு, மௌனமாக வாசிக்க நேரம் ஒதுக்குவதால் மட்டும் வாசிப்பு வளர்கிறது என்று சொல்லப் போதுமான ஆய்வுச் சான்று இல்லை என்றது பெரிய சர்ச்சையானது. அந்த வாதத்துக்குள் இப்போது போகவில்லை. ஆனால் புத்தகம் பிள்ளையின் நிலைக்கு ஏற்றதா என்று பார்ப்பதும், வாசித்தபின் இரண்டு வார்த்தை கேட்பதும் இல்லாவிட்டால் பிள்ளை படம் பார்த்துப் பக்கம் புரட்டிக்கொண்டிருக்கும் என்பதை வகுப்பறையில் நின்றவர்கள் அறிவார்கள்.

இலக்கணத்துக்கு வருகிறேன். "வழிகாட்டு வாசிப்பு" வினைத்தொகை, குட்டையாக இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஊறுகாய் என்றால் ஊறுகின்ற காய். அதே கணக்கில் வழிகாட்டு வாசிப்பு என்றால் வழிகாட்டுகின்ற வாசிப்பு, அதாவது வாசிப்பு நமக்கு வழிகாட்டுகிறது. நூலக வார விழாத் தட்டிக்குப் பொருந்தும். குடிநீர் என்பதில் நீரா குடிக்கிறது என்று மடக்குவீர்கள், சரிதான், வினைத்தொகை செயப்படுபொருளையும் ஏற்கும். ஆனால் "வழிகாட்டு" தன் செயப்படுபொருளான வழியை உள்ளேயே வைத்திருக்கிறது, இன்னொன்றுக்கு அங்கே இடமில்லை.

"துணைவாசிப்பு - தனிவாசிப்பு" என்ற யோசனை ஜோடியாக இருக்கிறது, எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் துணைப்பாடம் படித்து வளர்ந்த தலைமுறை நாம், துணைவாசிப்பு என்றதும் பாடநூலுக்கு மேல் படிக்கிற கூடுதல் புத்தகம் என்றுதான் எடுத்துக்கொள்வோம். துணைவேந்தர், துணை ஆட்சியர் எல்லாம் இரண்டாம் படி ஆட்கள் வேறு. தனி என்பதும் தனிப்பயிற்சி, தனியார் என்று எங்கெங்கோ இழுக்கிறது. மேலும் இரண்டு பிள்ளைகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஒரே புத்தகத்தை வாசித்தாலும் அது இன்டிபென்டன்ட் ரீடிங்தான், அதை எப்படித் தனி என்பது?

யாழ்ப்பாணத்து நண்பரின் மடல்தான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது.

> எங்கள் பக்கம் படிப்பித்தல் என்றால் கற்பித்தல். அதுபோல ஏன் "வாசிப்பித்தல்" என்று வைக்கக் கூடாது?

அழகான சொல். தன்வினையும் பிறவினையுமாக வாசித்தல், வாசிப்பித்தல் என்று ஒரே வேரில் ஜோடி கிடைக்கிறது. வாசிப்பது பிள்ளை, வாசிக்க வைப்பது ஆசிரியர் என்பதும் இரண்டு எழுத்தில் வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் படிப்பு என்பது ரீடிங், ஸ்டடி இரண்டையும் விழுங்கிவிட்டதால் நாம் இழந்த நுட்பம் இது. ஆனாலும் பிரம்பைக் காட்டி எழுந்து வாசிக்கச் சொல்வதும் வாசிப்பித்தல்தான், வகுப்பையே கோரஸாக வாசிக்க விடுவதும் அதுதான். பொதுப்பெயராக வைத்துக்கொள்ளலாம், இந்தக் குறிப்பிட்ட முறைக்கு அது அகலம்.

அப்புறம் அத்தை மகளிடமே கேட்டேன், நடப்பதை விளக்கிவிட்டு, "இதை நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்று. "பக்கத்துல உக்காந்து படிக்க வைக்கிறது. இன்னொண்ணு அதுங்களே படிக்கிறது" என்றார். மூன்று நாள் நாம் அடித்துக்கொண்டதை ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்! அதைக் கொஞ்சம் செப்பனிட்டால் என் முன்மொழிவு: துணையோடு வாசித்தல், தானே வாசித்தல்.

துணை என்பதோடு மூன்றாம் வேற்றுமை உருபு சேர்ந்துவிட்டால் துணைப்பாடக் குழப்பம் போய்விடுகிறது. உடனிகழ்ச்சிப் பொருள்தான், தாயோடு குழந்தை வந்தது என்பது போல. வருவது குழந்தை, தாய் கூட வருகிறாள். "தானே" என்பதைத் "தானாக" என்று மாற்றிவிடாதீர்கள், கதவு தானாகத் திறந்துகொண்டது என்கிற மாதிரி ஆகிவிடும். பன்மை வந்தால் தாமே. கலைச்சொல் என்றால் சுருக்கமாக இருக்க வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: வகுப்பறைக் கால அட்டவணையில் "துணையோடு வாசிக்கும் நேரம்" என்று எழுதினால் பெற்றோருக்கும் புரியும். அது எனக்கு இரண்டு எழுத்து மிச்சப்படுத்துவதைவிட முக்கியம்.

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கைவர வேண்டும் என்கிற ஒன்றிய அரசின் நிபுண் பாரத் திட்டம் 2021-இல் தொடங்கிய பிறகு நம் பயிற்சித்தாள்களில் இவை நான்காகத்தான் வருகின்றன, ஆகவே மற்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ரீட் அலௌட் - வாசித்துக் காட்டுதல். ஷேர்டு ரீடிங் - சேர்ந்து வாசித்தல். காட்டு, சேர், துணை, தான் என்று ஆசிரியரின் கை படிப்படியாக விலகுவது சொற்களிலேயே தெரிகிறது. தமிழ்நாட்டின் வாசிப்பு இயக்கம் தன் புத்தக நிலைகளுக்கு நுழை, நட, ஓடு, பற என்று பெயர் வைத்ததை நினைத்துப் பாருங்கள், எந்த அகராதியையும் புரட்டாமல் வைத்த பெயர்கள்.

கடைசியாக, "95 விழுக்காடு சரியாக வாசித்தால் தானே வாசிக்கும் நிலை, 90 முதல் 94 வரை என்றால் துணை வேண்டும்" என்ற கணக்கை அப்படியே விளக்கத்தில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பேன். நியூசிலாந்தின் வாசிப்பு ஆய்வாளர் மேரி கிளே பிள்ளையின் வாசிப்பைச் சொல் சொல்லாகக் குறித்த முறையிலிருந்தும், 1996-இல் ஃபவுண்டாஸ், பின்னெல் என்ற கல்வியாளர்கள் அமெரிக்காவில் பரப்பிய, புத்தகங்களை நிலைவாரியாகப் பிரிக்கும் முறையிலிருந்தும் நமக்கு வந்த கணக்கு அது, ஆங்கிலச் சொற்களை எண்ணியது. நம் "வந்துகொண்டிருந்தாள்" ஒரு சொல், ஆங்கிலத்தில் அதுவே மூன்று. கடைசி "ள்"-ஐ "ன்" என்று வாசித்த பிள்ளைக்கு முழுச் சொல்லும் தவறா? மகன், கடல், தங்கம் மூன்றிலும் "க" மூன்று விதமாக ஒலிப்பதைத் தடுமாறி வாசித்தால் அதை எப்படிக் குறிப்பது? தமிழுக்கு எண்ணிப் பார்க்காமல் விழுக்காட்டை மட்டும் மொழிபெயர்ப்பதில் அர்த்தமில்லை.

மேரி கிளேயின் அந்தக் குறிப்புமுறைக்கு, அதாவது ரன்னிங் ரெக்கார்டுக்கு, "ஓட்டப் பதிவு" என்று யாரோ போட்டிருந்தீர்கள். விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் முடித்தது மாதிரி இருக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

அன்புடன்.